நாலு வருஷம் ஆச்சு, என் லேப்டாப் இன்னும் பழைய முதலாளியைத்தான் தேடுது

எதிர்வீட்டு அக்கா பையன் பி.காம் சேரப் போறான். "தம்பி, உன்கிட்ட இருக்கிற மாதிரி ஒரு ரீஃபர்ப் லேப்டாப், அதான் யாரோ யூஸ் பண்ணினதைச் சரிபண்ணி விக்கிறது, பாத்துக் குடேன், இருபதாயிரத்துக்குள்ள"ன்னு போன வாரம் அக்கா கேட்டாங்க. அவங்க கேட்ட நேரம் சரியில்ல. வண்ணாரப்பேட்டையில லேப்டாப் மெக்கானிக் கடை ஸ்டூல்ல மூணு மணி நேரம் உக்காந்துட்டு, அந்தச் சனியனைக் கையில தூக்கிக்கிட்டு அப்பத்தான் தெருவுக்குள்ள நுழையறேன். "வேணவே வேணாம்க்கா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். பாவம், மூஞ்சி சுருங்கிப்போச்சு. அதனால இப்ப நிதானமா எழுதறேன்.

என் லேப்டாப் 2022 ஜூலையில ரிச்சி தெருவுல, சென்னை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுல, வாங்கினது. பதினாலு இன்ச், எய்ட்த் ஜென் (எட்டாவது தலைமுறை) இன்டெல் ஐ5 ப்ராசஸர், 8 ஜிபி ராம், ஃபைல் எல்லாம் சேமிக்கிற எஸ்எஸ்டி 256 ஜிபி, 21,500 ரூபாய். நான் காசிமேட்டுல விசைப்படகு கணக்கு எழுதறவன். டீசல் எவ்வளவு, ஐஸ் எத்தனை பார், ஏலத்துல என்ன போச்சு, யாருக்கு எவ்வளவு பங்கு, எல்லாம் டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல ஏறணும். அதுக்கு இந்த மெஷின் தாராளம். நாலு வருஷம் ஒரு நாள்கூட லீவு கேக்கல.

ஏப்ரல் 15ல மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சா அடுத்த 61 நாள் எனக்கு வேலை பாதிதான். அந்த நேரம் பாத்து எஸ்எஸ்டி செத்துப்போச்சு. அது தேயற பொருள், அதுல எனக்குக் கோபம் இல்ல. பென்டிரைவ்ல பேக்கப்பும் இருந்துச்சு. மெக்கானிக் புது எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸ் ஏத்தி, வைஃபை குடுத்தார். ரெண்டு நிமிஷம் வட்டம் சுத்துச்சு. அப்புறம் ஒரு பெரிய கம்பெனியோட லோகோ வந்து நின்னுச்சு. நல்வரவாம். கீழ ஒரு கட்டம்: உங்க ஆபீஸ் மெயில் ஐடியையும் பாஸ்வேர்டையும் போடுங்க.

"அண்ணே, நீங்க ஐடி கம்பெனியிலயா இருக்கீங்க? சொல்லவே இல்லயே"ன்னு மெக்கானிக் சிரிக்கிறார். என் சட்டையில மீன் நாத்தம்.

விஷயம் இதான். பெரிய கம்பெனிங்க லேப்டாப்பை மொத்தமா வாங்கும்போது ஒவ்வொரு மெஷினோட அடையாளத்தையும் மைக்ரோசாஃப்ட்கிட்ட பதிஞ்சு வெச்சுடுவாங்க. ஆட்டோபைலட்னு பேரு. மெஷினைப் புதுசா ஆன் பண்ணி நெட் குடுத்ததும் அது மைக்ரோசாஃப்ட்கிட்ட கேட்டு, "நான் யாரு வீட்டுப் பிள்ளை?"ன்னு தெரிஞ்சுக்கும். மூணு நாலு வருஷம் கழிச்சு கம்பெனி அதையெல்லாம் லாட்டா விக்குது. விக்கும்போது லிஸ்ட்லேர்ந்து பேரை எடுக்கணும். எடுக்க மறந்தா, அது ஜென்மத்துக்கும் அந்த வீட்டுப் பிள்ளைதான். அடையாளம் இருக்கிறது உள்ள இருக்கிற மதர்போர்டுல, அதனால எஸ்எஸ்டி மாத்தினாலும் விண்டோஸை அழிச்சு ஏத்தினாலும் போகாது.

அப்ப ரிச்சி தெருக்காரர் எப்படி வித்தார்? நெட் குடுக்காமலே விண்டோஸை செட் பண்ணி, பளிச்சுன்னு டெஸ்க்டாப்போட கையில குடுத்தார். நானும் ஸ்க்ரீன்ல கீறல் இருக்கான்னு போன் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு காசை எண்ணிக் குடுத்தேன். என் மெக்கானிக்கும் ஏதோ கமாண்ட் அடிச்சு அதே குறுக்கு வழியிலதான் உள்ள போனார். இப்ப ஓடுது. ஆனா அடுத்த தடவை ரீசெட் பண்ணா மறுபடியும் அந்த லோகோ வந்து நிக்கும். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டா இந்தத் தொல்லையே கிடையாதுன்னு மெக்கானிக் சொல்றார். டேலி விண்டோஸுக்குன்னே செஞ்சது, நான் அதைத் தூக்கிக்கிட்டு எங்க போறது?

அதனால அக்காவுக்கும் மத்தவங்களுக்கும் ஒண்ணே ஒண்ணு. ஸ்பீடு, ஸ்டிக்கர், ஃப்ரீ பேக் எல்லாம் அப்புறம். உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, உங்க கண் முன்னாடி விண்டோஸை முழுசா ரீசெட் பண்ணச் சொல்லுங்க. முக்கா மணி நேரம் ஆகும், கடைக்காரர் முறைப்பார், பக்கத்துல போய் டீ குடிச்சுட்டு வாங்க. எந்தக் கம்பெனி பேரும் வராம உங்க சொந்த மெயில் ஐடியைக் கேட்டா சரி. அதே மாதிரி ஆன் பண்ணும்போது பயாஸுக்குள்ள, அதான் விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸுக்குள்ள, போய்ப் பாருங்க. பாஸ்வேர்ட் கேட்டா கீழ வெச்சுட்டு நடையைக் கட்டுங்க. சில பிசினஸ் மாடல்ல அது போர்டு சிப்புக்குள்ளயே உக்காந்திருக்கும், போர்டுல இருக்கிற சின்ன பட்டன் பேட்டரியைக் கழட்டினாலும் போகாது.

ஜெனரேஷன் விஷயம் என் மச்சானைக் கேட்டா தெரியும். அதே நாள் என்கூட வந்து, ஐ7ன்னு ஸ்டிக்கர் பாத்து சிக்ஸ்த் ஜென் எடுத்தார். "உன்னுது வெறும் ஐ5"ன்னு ரெண்டு வருஷம் ஓட்டினார். 2025 அக்டோபர் 14ல விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுது. 11 போடணும்னா இன்டெல்ல பெரும்பாலும் எய்ட்த் ஜென்லேர்ந்துதான். இப்ப மச்சான் அந்தப் பேச்சே எடுக்கிறதில்ல.

பேட்டரிக்கு 'டெஸ்டிங் வாரண்டி'ன்னு பில்லுல எழுதுவாங்க. கடை வாசலைத் தாண்டினா வாரண்டி இல்லன்னு அர்த்தம். விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். என்னுது முழு சார்ஜ்ல 57,000 மில்லிவாட் அவர் பிடிக்க வேண்டிய இடத்துல 33,000தான் நின்னுச்சு. இது எனக்குத் தெரிஞ்சது வாங்கி ஒரு மாசம் கழிச்சு.

கீபோர்டைப் பத்திச் சொல்லலன்னா பாவம். ஒவ்வொரு கீயும் நடுவுல லேசா குழிஞ்சு விரலை வாங்கிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஏலம் நடக்கும்போது, லைட் பாதி இல்லாத இடத்துல, பாக்காமலே அடிப்பேன். ஒரு தடவை முழு டீயும் கொட்டுச்சு. அடிப்பக்கம் ரெண்டு ஓட்டை இருக்கு, அது வழியா ஒழுகி மேசைக்கு வந்துடுச்சு. துடைச்சுட்டு வேலையைத் தொடர்ந்தேன். மச்சான் பொண்ணு நாப்பத்தஞ்சாயிரம் குடுத்து வாங்கின புதுசுல அடிச்சுப் பாத்தேன், அட்டையைத் தட்டற மாதிரி இருந்துச்சு. கடக்கரை உப்புக் காத்துல அடிப்பக்க ஸ்க்ரூ நாலும் துருப்பிடிச்சு, யுஎஸ்பி ஓட்டையில பச்சை பூத்திருக்கு. ஆனா கீல் இன்னும் ஆடல.

இவ்வளவு சொல்லிட்டு, வாங்கலாமான்னு கேட்டா, இன்னைக்கு இருக்கிற கடுப்புல வேணாம்னுதான் சொல்வேன். ஆனாலும் சனிக்கிழமை அக்காவையும் பையனையும் கூட்டிக்கிட்டு தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறப் போறேன். அரசினர் தோட்டத்துல இறங்கினா ரிச்சி தெருவுக்கு நடந்துடலாம். போன்ல டேட்டா பேக் போட்டாச்சு.

அந்தக் கம்பெனிக்கும் மெயில் போட்டிருந்தேன், சீரியல் நம்பர், பில் போட்டோவோட, தயவுசெஞ்சு லிஸ்ட்லேர்ந்து எடுத்துவிடுங்கன்னு. நேத்து பதில் வந்துச்சு. ஹெல்ப்டெஸ்க்ல டிக்கெட் போடணுமாம், எம்ப்ளாயி நம்பரைக் குறிப்பிட்டு.