எஃப்எம்2: நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற கேமரா

பழைய ஃபிலிம் கேமரா வாங்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் உடனே பொறுமை, நிதானம், தவம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். நிக்கான் எஃப்எம்2 வைத்திருக்கும் எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடே இல்லை. இது வேகமான கேமரா. எதிரே நடப்பது கண்ணில் பட்டதும் விரல் அழுத்திவிடலாம்; நடுவில் இந்தக் கருவி குறுக்கே நிற்பதில்லை. அதற்காகவே வாங்கினேன். அதற்காகவே மற்றவர்களுக்கும் சிபாரிசு செய்கிறேன்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். விடுமுறை வந்தால் சந்தை, தேர்த்திருவிழா, மாட்டுத்தாவணி என்று கிளம்பிவிடுவேன். என்னிடம் இருப்பது எஃப்எம்2-வின் இரண்டாம் வடிவம், 1984இல் வந்தது. முதல் வடிவம் 1982இல் வெளியானபோது, நொடியில் 4000இல் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடும் ஷட்டர் வேறெந்த 35 மி.மீ. கேமராவிலும் இல்லை. அந்த வேகத்துக்காக ஷட்டர் இலைகளை டைட்டானியத்தில் செய்தார்கள். எடை குறைய வேண்டும், விறைப்பும் கெடக் கூடாது என்பதற்காகத் தகட்டில் தேன்கூட்டு வடிவில் அரித்திருக்கிறார்கள். பின்பக்கக் கதவைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கட்டங்கள் மினுங்கும். 1989 வாக்கில் அலுமினிய இலைகளுக்கு மாறிவிட்டார்கள். அவற்றில் இந்தக் கட்டங்கள் கிடையாது. மற்றதெல்லாம் பல்சக்கரமும் சுருள்வில்லும்தான். அடியில் போடும் இரண்டு பொத்தான் பேட்டரிகள் ஒளியை அளக்கும் மீட்டருக்கு மட்டுமே. அவை தீர்ந்துபோனாலும் எல்லா வேகங்களும் அப்படியே வேலை செய்யும்.

4000 எதற்கு என்று கேட்பவர்கள் கொங்கு நாட்டுச் சித்திரை வெயிலில் நின்று படம் எடுத்திருக்க மாட்டார்கள். கணக்கு எளிது. ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் (ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமின் ஒளியுணர்வு), மேகமில்லாத வெயில் என்றால் எஃப்/16, 1/500 நொடி. எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவைச் சொல்லும்; எண் சிறிதானால் துவாரம் பெரிது. ஒருவரை மட்டும் தெளிவாக நிறுத்தி, பின்னால் இருக்கும் மின்கம்பத்தையும் பேனரையும் மங்கலாக்க வேண்டும் என்றால் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் வேகம் இரட்டிக்கும்: எஃப்/11க்கு 1/1000, எஃப்/8க்கு 1/2000, எஃப்/5.6க்கு 1/4000. பலரும் முதலில் வாங்கும் பென்டாக்ஸ் கே1000 நல்ல கேமராதான். ஆனால் அதன் வேகம் 1/1000-உடன் முடிந்துவிடுகிறது. எஃப்/11-ஐ விட்டு நகர முடியாது. பின்னால் இருக்கும் பேனரில் சிரிக்கும் முகங்கள் எல்லாமும் சேர்ந்தே பதிவாகும்.

பகலில் ஃபிளாஷ் போடுவதும் இதே கணக்குதான். உச்சி வெயிலில் தலைப்பாகை கட்டியவரின் கண்கள் நிழலில் புதைந்துவிடும்; சின்ன ஃபிளாஷ் ஒன்று இருந்தால்தான் கண் தெரியும். என்னுடைய எஃப்எம்2-வில் 1/250 வரை ஃபிளாஷ் ஒத்துழைக்கும், கே1000-இல் 1/60 வரைதான். ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் முன்னதற்கு எஃப்/11 போதும், பின்னதற்கு எஃப்/22 வேண்டும். அப்படியானால் அதே ஃபிளாஷின் வெளிச்சம் எட்டும் தூரம் பாதியாகிவிடும். முகத்துக்கு நேரே போய் நின்றுகொண்டு யாரையும் இயல்பாகப் படம் எடுக்க முடியாது.

இனி, வேகம் என்று சொன்னேனே, அது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் குதிரைச் சந்தை கூடும். கத்தியவார், மார்வார் குதிரைகள் வந்து நிற்கும். ஆடிக் காற்றில் புழுதி கிளம்பும், மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், வெளிச்சம் நிலையாக நிற்காது. இங்கே ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸ் திருகிக்கொண்டிருந்தால் வேலை ஆகாது. நான் செய்வது இதுதான். அகலமாகப் பார்க்கும் 35 மி.மீ. லென்ஸை எஃப்/11இல் வைப்பேன். லென்ஸின் மேல் நிறக்கோடுகள் இருக்கும். 11 என்ற எண் எந்த நிறமோ அந்த நிறத்தில் இரண்டு கோடுகள். ஃபோகஸ் வளையத்தில் உள்ள முடிவிலிக் குறியை (∞) அதில் ஒரு கோட்டுக்கு நேராகத் திருப்பிவிட்டால் மறுகோடு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கீழே காட்டும். இரண்டு மீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் ஏற்கக்கூடிய தெளிவோடு விழும் என்று பொருள். அதற்குப் பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம்.

வெயில் அடித்தால் 1/1000. மேகம் மறைத்தால் ஆள்காட்டி விரலால் ஷட்டர் சக்கரத்தில் இரண்டு சொடுக்கு, 1/250. மேகம் விலகினால் மறுபடி இரண்டு சொடுக்கு. சக்கரத்தைப் பார்க்கவே தேவையில்லை, விரலுக்குத் தெரியும். குதிரையை ஓட்டிக் காட்டும்போது 1/250 போதாது. அப்போது மட்டும் 1/1000-க்குத் திரும்பி, லென்ஸ் வளையத்தில் இரண்டு படி இறங்கி, குதிரை எந்த இடத்தைக் கடக்குமோ அந்த மண்ணின் மேல் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து காத்திருப்பேன். வாங்க வந்த பெரியவர் ஒருவர் குதிரையின் கீழுதட்டை விரலால் விலக்கிப் பல்லைப் பார்த்தார். குதிரை தலையைத் தூக்கிய கணத்தில் அவருடைய துண்டும் தோளிலிருந்து எழுந்தது. கேமராவை முகத்துக்குக் கொண்டுபோனேன், அழுத்தினேன், அவ்வளவுதான். ஃபோகஸ் எங்கே என்று தேடும் எந்தக் கேமராவிலும் அந்தப் படம் எனக்குக் கிடைத்திருக்காது.

“படத்தை இப்போதே காட்ட முடியாதுங்களா, அம்மணி?” என்றார் அவர். கழுவிய பிறகுதான் தெரியும் என்றேன். முகவரி கொடுத்தார், பிரிண்ட் போட்டு அனுப்பினேன்.

மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கூட்டத்தை அளக்கும்போது அது அப்பாவியாக நடந்துகொள்கிறது. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் வலது ஓரத்தில் கூட்டல், வட்டம், கழித்தல் என்று மூன்று சிவப்பு விளக்குகள். வட்டம் மட்டும் எரிந்தால் அளவு சரி. வட்டத்தோடு கூட்டலோ கழித்தலோ சேர்ந்து எரிந்தால் ஒரு படிக்குள் விலகல். ஓரத்து விளக்கு மட்டும் எரிந்தால் அதற்கும் மேல். முள் ஆடும் மீட்டர்களைவிட இது எனக்குப் பிடிக்கிறது, இருட்டிலும் தெரியும். ஆனால் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டுதான் அது அளக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்கும் ஆண்களை அளந்து வட்டம் எரிகிறது என்று அழுத்தினால், வேட்டி அழுக்கேறியதாகவும் முகங்கள் கறுத்தும் விழும். ஒன்றரைப் படி கூட்டி வைக்க வேண்டும். கருங்கல் தூணுக்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும். அளவின் பெரும்பங்கு நடுவட்டத்திலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதால், வெயிலில் நிற்பவரின் முகத்துக்கு அருகில் போய் அளந்துவிட்டுத் திரும்பி வந்து எடுப்பது இன்னும் நம்பகமானது.

குறைகளும் இருக்கின்றன. ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோலைச் சற்று வெளியே இழுத்து வைத்தால்தான் மீட்டரும் ஷட்டரும் விழிக்கும். இடது கண்ணால் பார்ப்பவர்களின் நெற்றியில் அது இடிக்கும். வாங்குவதற்கு முன் உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள். இருட்டில் மீட்டர் விளக்கு தெரிந்தாலும் வேகமும் எஃப் எண்ணும் தெரியாது. சத்தம் அதிகம். கோயில் மண்டபத்துக்குள் “சடக்” என்று கேட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள்.

இன்று கிடைப்பவை எல்லாம் பயன்படுத்தியவையே, உற்பத்தி 2001இல் நின்றுவிட்டது. எனக்கு வந்த கேமராவில் பின்கதவைச் சுற்றியுள்ள நுரைப்பட்டை பிசுபிசுத்து உருகியிருந்தது; விற்றவரோ குறையே இல்லை என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார். அந்த நிலையில் ஃபிலிம் போட்டால் வெளிச்சம் கசிந்து ஓரங்கள் பாழாகும். கோவையில் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் ஒரு பெரியவர் பட்டையைச் சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டிக் கொடுத்தார். “இலையில் மட்டும் விரல் படக் கூடாது கண்ணு, ஊதவும் கூடாது” என்று அவர் சொன்னதை இங்கே அப்படியே சொல்லிவைக்கிறேன். மெல்லிய தகடு, ஒருமுறை வளைந்தால் சரிசெய்ய முடியாது.

வாங்கும்போது கேமரா உடலின் எண்ணைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது 1/250 ஃபிளாஷ் வேகம் கொண்ட இரண்டாம் வடிவம்; ஷட்டர் சக்கரத்திலும் 250 சிவப்பில் இருக்கும். பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி 1/4000 அழுத்துங்கள்: சட்டம் முழுவதும் ஒரே சீராக வெளிச்சம் தெரிய வேண்டும். பிறகு ஒரு நொடி வேகத்தை வைத்துக் கேளுங்கள், நடுவில் திக்கக் கூடாது. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஈரக் காற்றில் அதுதான் பெரிய பகை. சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் அண்டாது.

செலவை மறைக்க விரும்பவில்லை. ஒரு கலர் ரோல் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. கழுவி ஸ்கேன் செய்யும் கூலியையும் சேர்த்தால் 36 படங்களில் ஒவ்வொன்றுக்கும் நாற்பது ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் செய்துகொண்டிருந்தது. இருநூறு கிலோமீட்டருக்குள் ஃபிலிம் தயாராகிக்கொண்டிருந்த மண்ணில் இன்று ஒவ்வொரு ரோலும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருப்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கறுப்பு வெள்ளையை நானே வீட்டில் கழுவுகிறேன், பாதிச் செலவு மிச்சம். டெவலப்பர் பொடிப் பொட்டலத்தில் 20 டிகிரிக்கு நேரம் போட்டிருப்பார்கள். நம் குழாய்த் தண்ணீர் 30 டிகிரியில் வரும். ஐஸ் கட்டிகள் மிதக்கும் வாளிக்குள் மருந்துப் பாட்டிலை நிறுத்தி, வெப்பமானி இறங்கும்வரை காத்திருந்தால் நெகட்டிவ் சரியாக வரும்.

பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸோடுதான் விற்பனைக்கு வருகிறது. உருவப்படங்களுக்கு அது போதும். சந்தையிலும் திருவிழாவிலும் அலைபவராக இருந்தால் உடலைத் தனியாக வாங்குங்கள், மிச்சப் பணத்தை 35 மி.மீ. லென்ஸில் போடுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: 1977க்கு முந்தைய நிக்கான் லென்ஸ்கள் மாற்றியமைக்கப்படாமல் இருந்தால் இந்த உடலில் பொருந்தாது, வலிந்து மாட்டக் கூடாது.