தமிழில் கோப்புப் பெயர்: கிட்டா, மெர்க்யூரியலா?

கொக்காவில் மழைத் தரவுக் கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். பலர் சேர்ந்து திருத்தும் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் அல்லது மெர்க்யூரியல் என்ற மென்பொருளில் அது இருக்கிறது. கிளிநொச்சியில் இருப்பவருக்கு லினக்ஸ், வவுனியாக்காரருக்கு விண்டோஸ், முல்லைத்தீவில் ஒரு மக். 'கொ'வின் கொம்பும் அரவும் ஒரே குறியாக விழுந்தால் 'கொக்காவில்' யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியேற்றத்தில் 30 பைட். இரண்டாகப் பிரிந்து விழுந்தால் 33. பார்வைக்கு ஒரே பெயர்தான், ஆனால் லினக்ஸுக்கு இரண்டு கோப்பு. மக்கில் கிட் இதைத் தானாகவே ஒன்றாக்கிக்கொள்ளும். லினக்ஸில் கிட்டும் சரி, மெர்க்யூரியலும் சரி, வந்த பைட்டை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

பாதுகாப்பில் இரண்டும் ஒரே அடி வாங்கியவை. 2014 டிசம்பரில் வெளியான ஓட்டை அது: கிட்டின் உள்கோப்புறைப் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாற்றி எழுதி, கிட்டின் அமைப்புகள் உள்ள கோப்பையே மேலெழுத முடிந்தது. மக்கிலோ, பெயருக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிய அகலக் குறியைச் செருகினாலே போதும். 'க்ஷ' ஒட்டாமல் இருக்க நாங்கள் தட்டுகிற அதே குறிதான்! கிட் 2.2.1இலும் மெர்க்யூரியல் 3.2.3இலும் அடைத்துவிட்டார்கள்.

அடுத்தவர் கணினியை நினைத்துப் பார்ப்பதில் மெர்க்யூரியலுக்கே என் வாக்கு. விண்டோஸ் ஒதுக்கிவைத்த 'ஏயூஎக்ஸ்' போன்ற பெயரை லினக்ஸில் சேர்த்தாலும் உடனே எச்சரிக்கும். விரும்பினால் மறுக்கவும் வைக்கலாம். கிட் பேசாமல் ஏற்றுக்கொள்ளும், பிறகு வவுனியாக்காரர் தலையில் விடியும். இதே வகை மென்பொருளான சப்வேர்ஷன், பெயரில் கட்டுப்பாட்டுக் குறிகள் (புதுவரிக் குறி போன்றவை) இருந்தால் மறுக்கிறது. நமக்கு அது போதாது.

ஆனாலும் எல்லாரும் இருப்பது கிட்டில், ஆகவே ஹூக், அதாவது கிட் தானாக ஓட்டும் சிறு சரிபார்ப்பு நிரல், எழுதத்தான் வேண்டும். கிட்டோடு வரும் மாதிரி ஹூக்கை அப்படியே இயக்காதீர்கள்: ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண் போன்றவை) அல்லாத புதுப் பெயர் எல்லாவற்றையும், அதாவது தமிழையே, தடுத்துவிடும். பெயரை என்எஃப்சி, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கிய வடிவுக்கு மாற்றி, மாறினால் மறுக்கிற சில வரிகள் போதும்; விண்டோஸின் ஒதுக்கிய பெயர்களையும் அதிலேயே பார்க்கலாம்.

எங்கே வைப்பது? கொமிட்டுக்கு (மாற்றத்தைப் பதிவதற்கு) முன் ஓடும் ஹூக்கை 'நோ-வெரிஃபை' போட்டுத் தாண்டிவிடலாம். சேர்வரில் வைத்தால் தாண்ட முடியாது, ஆனால் எல்லாம் ஏறி முடிந்த பிறகுதான் மறுக்கும். கைபேசி டேட்டாவில் புஷ் செய்பவருக்கு அது வயிற்றெரிச்சல். இரண்டு இடத்திலும் வைப்பேன். களஞ்சியத்துக்குள்ளேயே ஹூக்கைப் போட்டு, ஹூக் இருக்கும் இடத்தைச் சொல்ல கிட் 2.9 முதல் உள்ள ஹூக்ஸ்பாத் அமைப்பால் சுட்டிவிட்டால், புதிதாகச் சேர்பவர் ஒரு கட்டளை அடித்தால் சரி.