செவ்வாய்த் தரவுக்கு எது தோது: சிஎஃப்டிபியா, பண்டில் புரோட்டோகாலா?

ரோவர், சுற்றுகலன், தரைநிலையம் என்று மூன்று லினக்ஸ் கணினிகளை வரிசையாக இணைத்து, லினக்ஸின் நெட்எம் கருவி மூலம் செயற்கையாகத் தாமதத்தைக் கூட்டி, செவ்வாய் இணைப்பைப் போல ஒரு சோதனை அமைப்பு செய்தோம். அதற்கு நான் தேர்ந்தெடுத்தது பண்டில் புரோட்டோகால் (தரவைப் பொதிகளாக்கி, அடுத்த இணைப்பு கிடைக்கும்வரை வழியிலுள்ள கணினியிலேயே சேமித்துவைத்து அனுப்பும் நெறிமுறை), அடியில் எல்டிபி (அடுத்தடுத்த இரு கணினிகளுக்கு இடையே தொலைந்ததை மறுபடி அனுப்பும் நெறிமுறை).

இணையத்தில் வழக்கமாகப் பயன்படும் டிசிபியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். செவ்வாய்க்கு சிக்னல் போய்ச் சேரவே தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். லினக்ஸின் இயல்பு அமைப்பிலோ, பதில் வராவிட்டால் சுமார் 2 நிமிடத்தில் டிசிபி இணைப்பு முயற்சியையே கைவிட்டுவிடும்.

விண்கலங்களிலிருந்து கோப்புகளை அனுப்புவதற்கான நெறிமுறையான சிஎஃப்டிபி நிஜமான போட்டியாளர். 2004இல் ஏவப்பட்ட மெசஞ்சர் கலன் புதன் கோளிலிருந்து கோப்புகளை அனுப்பியது இதில்தான். விடுபட்ட துண்டுகளை மட்டும் பெறும் முனை கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரு கலன், ஒரு தரைநிலையம், நடுவில் யாரும் இல்லை என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

நடுவில் ஒரு சுற்றுகலன் வந்ததும் கதை மாறுகிறது. ரோவர் தன் நினைவகத்தை எப்போது காலி செய்யலாம்? என் முடிவை நிர்ணயித்தது இந்தக் கேள்விதான். சுற்றுகலன் ஒரு முறை கடக்கும்போது ரோவருக்கு அகப்படுவது சுமார் 8 நிமிடம். முனைக்கு முனை சிஎஃப்டிபி என்றால், "முழுதாக வந்தது" என்று பூமி சொல்லும்வரை ரோவர் கோப்பை வைத்திருக்க வேண்டும். அந்தப் பதில் அடுத்த கடப்பில்தான் வரும். பூமிப் பக்கத்தில் ஒரு துண்டு தொலைந்தாலும் அதை மறுபடி அனுப்ப வேண்டியது ரோவர்தான். எல்டிபியில் ஒவ்வொரு தாவலும், அதாவது இரு கணினிகளுக்கு இடையிலான ஒவ்வொரு இணைப்பும், தன் இழப்பைத் தானே சரிசெய்யும். ரோவருக்கு அந்த 8 நிமிடத்துக்குள்ளேயே ஒப்புதல் கிடைத்துவிடும். அழித்துவிட்டு அடுத்த படத்தை எடுக்கலாம். பூமி வழியில் தொலைந்தால் அது சுற்றுகலன் பாடு.

அப்புறம், சுமை மறைவதில்லை, சுற்றுகலனுக்கு இடம் மாறுகிறது. வாங்கிவைத்த பிறகு அது செயலிழந்தால் தரவும் போச்சு. பண்டிலின் 2007ஆம் ஆண்டு விவரக்குறிப்பான ஆர்எஃப்சி 5050இல் பொறுப்பைக் கைமாற்றும் கஸ்டடி வசதி இருந்தது. 2022இன் ஆர்எஃப்சி 9171 அதை மைய விவரக்குறிப்பிலிருந்து எடுத்துவிட்டது. இழக்கவே கூடாத கோப்பு என்றால் பண்டிலுக்கு மேலேயே சிஎஃப்டிபியை ஓட்டலாம். அந்த வகையில் இரண்டும் பாதி எதிரிகள்தான்.

பராமரிப்பில் பண்டிலுக்குத்தான் வேலை அதிகம். யார் யாரை எப்போது பார்ப்பார்கள் என்ற தொடர்பு அட்டவணையை எல்லாக் கணுக்களிலும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நேரம் பிசகினால் பண்டில் காத்திருந்து, ஆயுள் முடிந்து, சத்தமில்லாமல் காணாமல் போகும்.

பண்டிலின் நம்பகத்துக்குச் சான்று உண்டு: 2008இல் எபாக்ஸி கலன் வழியாக, 3 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், சுமார் 300 படங்கள் போய்த் திரும்பின. 2024இல் ஏவப்பட்ட பேஸ் செயற்கைக்கோள் அன்றாடப் பணியிலேயே டிடிஎன்னை (பண்டிலை மையமாகக் கொண்ட, தாமதம் தாங்கும் வலையமைப்பை) பயன்படுத்துகிறது. என் அனுபவமோ மேசைக் கணினிகளோடு சரி. கதிர்வீச்சில் பிட் புரளும் நினைவகத்திலும் மெதுவான விண்கலச் செயலியிலும் நான் ஓட்டியதில்லை. அங்கே எடுத்துச் செல்பவர்கள் முதலில் பண்டில் சேமிப்பகத்தைச் சோதித்துக்கொள்ளவும்.