டிஸ்ப்ளேயில் எண் ஓடுகிறது என்பதை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

பழைய சிஆர்10எக்ஸ் டேட்டாலாகரை, அதாவது சென்சார் சொல்லும் எண்களைத் தானே பதிந்து வைக்கும் கருவியை, செகண்ட்ஹேண்டில் வாங்கி, விற்றவரிடமே புரோகிராமும் போட்டு வாங்கலாம் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். எங்கள் வானிலை நிலையத்துக்கு அப்படித்தான் ஒன்று வந்து சேர்ந்தது. மழையும் வெப்பநிலையும் மணிக்கொரு முறை பதிவாக வேண்டும், நாங்கள் கேட்டது அவ்வளவுதான். மழைக்காலம் முடிந்து டேட்டாவை இறக்கப் போனால், உள்ளே ஒன்றுமே இல்லை.

"லேப்டாப்பே வேண்டாம் சார், டிஸ்ப்ளேலயே எல்லாத்தையும் முடிச்சிடலாம்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அது பொய்யில்லை. லாகரின் 9 பின் போர்ட்டில் கீபேட் டிஸ்ப்ளேயைச் செருகினால் போதும், கரண்டும் லாகரிலிருந்தே வந்துவிடும். இருப்பது 16 பட்டன்கள். நட்சத்திரத்தை அழுத்தி எண்ணைத் தட்டினால் அந்தந்த மோடுக்குப் போகலாம்: *1 புரோகிராம் எழுத, *5 கடிகாரம் வைக்க, *6 சென்சார் இப்போது சொல்வதைப் பார்க்க, *7 சேமிப்பில் ஏறியதைப் பார்க்க. *0 அழுத்தினால் புரோகிராம் கம்பைல் ஆகி ஓடத் தொடங்கும். விஷயம் தெரிந்தவருக்கு இது தாராளம். தெரியாதவரை ஏய்க்கவும் இதுவே தாராளம்.

நிறுவ வந்தவர் நேராக *6-க்குப் போனார். வெப்பநிலை வந்தது. சென்சாரைக் கையால் பொத்திப் பிடித்தார், எண் ஏறியது. மழைமானிக்குள் தண்ணீர் நிரம்பினால் கவிழும் சின்ன வாளியை விரலால் ஒரு தட்டு தட்டினார். 0.254 (ஒரு கவிழ்வுக்கு அத்தனை மி.மீ. மழை) என்று காட்டியது, அடுத்த ஸ்கேனில், அதாவது லாகர் சென்சாரை மறுபடி படித்தபோது, 0 ஆனது. "லைவா வருது பாருங்க சார்" என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டார், கிளம்பிவிட்டார்.

*6-இல் தெரிவது வெறும் இன்புட் லொகேஷன். ஒவ்வொரு ஸ்கேனிலும் பழைய எண்ணை அழித்துப் புது எண் வந்து உட்காரும். அது சேமிப்புக்குப் போக வேண்டுமானால், 'இப்போது சேமி' என்று சொல்லும் அவுட்புட் ஃபிளாகை உயர்த்தும் கட்டளை புரோகிராமில் இருந்தாக வேண்டும். வழக்கமாக அது பி92. அதற்குக் கீழே வரிசையாக 0, 60, 10 என்று கொடுத்தால் 60 நிமிடத்துக்கு ஒரு முறை ஃபிளாக் உயரும். அப்புறம் தேதி, நேரம் பதிய பி77, சராசரிக்கு பி71, கூட்டுத்தொகைக்கு பி72. இவர் எழுதியதில் பி92-ஏ கிடையாது. சென்சாரைப் படிக்கும் கட்டளைகளோடு கடையைக் கட்டிவிட்டார். *7-ஐ அவர் ஒரு முறைகூட ஏன் திறந்து காட்டவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

சரி, பி92-ஐ நாமே சேர்த்துவிடலாம் என்று *1 போனால் ரகசிய எண் இல்லாமல் உள்ளே விடவில்லை. *சி மோடில் மூன்று அடுக்குப் பூட்டு உண்டு, முதல் அடுக்கு புரோகிராமைப் பூட்டும். போன் செய்தால், "அது எங்க வொர்க் சார், வெளியே தர முடியாது. நேர்ல வந்துதான் பார்க்கணும்" என்றார்கள். அதற்குத் தனிக் கட்டணமாம்! நம் காசில் வாங்கிய கருவிக்கு நமக்கே சாவி கிடையாது.

கட்டணம் கொடுத்தோம், வந்தார்கள், சரிசெய்தோம் என்றார்கள். அடுத்து ஒரு கனமழை. பக்கத்தில் வைத்திருந்த சாதாரண மழைமானியில் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது, லாகரோ அந்த மணிக்கு 0 என்கிறது. பாக்கிப் பணத்தைத் தர மாட்டோம் என்ற பிறகுதான் ரகசிய எண் வந்தது. திறந்து பார்த்தால், மழைக்கு பி72-க்குப் பதில் பி70 போட்டிருக்கிறார்கள். பி70 வெறும் சாம்பிள். ஃபிளாக் உயரும் அந்த நேரத்தில் இன்புட் லொகேஷனில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எடுத்து வைக்கும். 10 நொடிக்கு ஒரு ஸ்கேன் என்றால் மணிக்கு 360 ஸ்கேன். கடைசி ஸ்கேனில் வாளி கவிழ்ந்திருந்தால்தான் மழை, மற்ற 359-இல் பெய்தது கணக்கிலேயே வராது. வெப்பநிலைக்கு பி70 போட்டால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். மழைக்கு யாராவது போடுவார்களா?

நீங்கள் வாங்குவதாக இருந்தால், நிறுவியவர் கிளம்பும் முன் பி92-இன் இடைவெளியை 60-லிருந்து 1-ஆக மாற்றச் சொல்லுங்கள். *0 அழுத்தட்டும். சில நிமிடம் காத்திருந்து அவர் முன்னாலேயே *7-ஐத் திறந்து பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு தொகுதி சேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அடையாள எண் நிற்கும். 102 என்றால் புரோகிராமின் முதல் டேபிளில் (கட்டளைப் பட்டியலில்) 2ஆம் கட்டளை ஃபிளாகை உயர்த்தியது என்று பொருள். அதை அடுத்து நேரம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பி77 போடவில்லை, எந்த எண் எந்த நாளுடையது என்றே பிறகு தெரியாது. மழைமானியை ஒரே நிமிடத்துக்குள் நிதானமாக ஐந்து முறை தட்டுங்கள், ஒரு தட்டுக்கு 0.254 என்றால் 1.27 பதிவாக வேண்டும். எல்லாம் சரியென்றால் இடைவெளியை மறக்காமல் 60-க்கே மாற்றச் சொல்லுங்கள். ரகசிய எண்ணை எழுதி வாங்குங்கள். *பி-யின் முதல் திரையில் வரும் சிக்னேச்சர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு யாராவது புரோகிராமில் கை வைத்தால் அது மாறிக் காட்டிக்கொடுக்கும்.

கட்டிய சர்வீஸ் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சென்சார் நல்லாத்தானே வேலை செஞ்சது சார்" என்று பதில் வந்தது. சென்சாரைப் பற்றி இங்கே யாரும் குறையே சொல்லவில்லை. பணம் இன்னும் வரவில்லை.