சாவி வாங்கிய பிறகு வந்த 19,688 யூரோ: பிரான்ஸில் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பாரிஸுக்கு வடக்கே, 93ஆம் மாவட்டத்தில், 1970களில் கட்டிய தொடர்மாடி ஒன்றில் ஒரு வீடு. விலை 205,000 யூரோ. மே மாதம் கொம்ப்ரோமி, அதாவது விற்பனைக்கு முந்தைய ஒப்பந்தம், கையெழுத்தானது. ஓகஸ்டில், பத்திரம் எழுதும் நொத்தேரின் அலுவலகத்தில் சாவி கைக்கு வந்தது. செப்டெம்பர் முதல் வாரம், கட்டடத்தை நிர்வகிக்கும் சின்டிக்கிடமிருந்து ஒரு கடிதம்: 4,922 யூரோ கட்டவும். டிசம்பரில் அதே தொகைக்கு இன்னொன்று. பிறகு மார்ச்சில், ஜூனில். கூட்டிப் பார்த்தால் 19,688 யூரோ. கட்டடத்தின் வெளிச்சுவரைத் திருத்தி வெப்பக்காப்புப் போடும் ரவல்மோ வேலைக்கான பணம் அது. வேலைக்குக் கை தூக்கியது பழைய உரிமையாளர். காசு கட்டியது புதிதாக வந்த குடும்பம்.

"ஏமாத்திப்போட்டாங்கள்" என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முகவர் வாய் திறக்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. ஆனால் வழக்குப் போடலாமா என்று கேட்டால் பதில் கசப்பானது. கொம்ப்ரோமியோடு மின்னஞ்சலில் வந்த கோப்பு 186 பக்கம். அதன் 131ஆம் பக்கத்தில், மார்ச் மாதப் பொதுக்கூட்ட அறிக்கையில், 17ஆவது தீர்மானமாக எல்லாமே இருந்தது: 920,000 யூரோ வேலை, நான்கு தவணை, தவணைத் திகதிகள், அடியில் "அதோப்தே", அதாவது நிறைவேறியது. அந்த வீட்டின் பங்கு பத்தாயிரத்துக்கு 214 தாந்தியேம். 920,000ஐ 10,000ஆல் வகுத்து 214ஆல் பெருக்கினால் 19,688 வந்துவிடும். கைத்தொலைபேசியில் அரை நிமிடக் கணக்கு.

தாந்தியேம் என்றால், கட்டடத்தின் பொதுச் சொத்தில் உங்கள் வீட்டுக்குரிய பங்கு. பராமரிப்புச் செலவு, கூரை, லிப்ட், வெளிச்சுவர் என்று பொதுவான செலவுகள் பெரும்பாலும் இந்தப் பங்குக் கணக்கிலேயே பிரிக்கப்படும். தீர்மானம் நிறைவேறிய நாளில் யார் உரிமையாளர் என்று சட்டம் பார்ப்பதில்லை. 1967ஆம் ஆண்டு ஆணையின்படி, தவணை கட்ட வேண்டிய திகதியில் யார் உரிமையாளரோ அவரே கட்ட வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்யலாம். ஆனால் அது அவர்கள் இருவருக்குள்தான் செல்லும். சின்டிக்கை அது கட்டுப்படுத்தாது, கடிதம் உங்களுக்கே வரும். ஆகவே கொம்ப்ரோமியில் "த்ராவோ வோத்தே அவான் ல கொம்ப்ரோமி, அ லா ஷார்ஜ் து வோந்தேர்" (கொம்ப்ரோமிக்கு முன் தீர்மானித்த வேலைகள் விற்பவரின் பொறுப்பு) என்று எழுதுவிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, அந்தத் தொகையை விற்பனை நாளில் விற்பவரின் பணத்திலிருந்து பிடித்து, செக்கஸ்த்ராக நொத்தேரிடமே வைத்திருக்கச் சொல்வது. இல்லாவிட்டால், காசை வாங்கிக்கொண்டு மார்செய்க்குக் குடிபோனவரைத் தேடித் திரிய வேண்டும்.

கடைசி மூன்று வருடங்களின் பொதுக்கூட்ட அறிக்கைகளையும் கொடுப்பது விற்பவரின் கடமை. அவற்றில் நிறைவேறிய தீர்மானங்களைவிடத் தள்ளிப்போட்ட தீர்மானங்கள் அதிகம் பேசும். கூரை வேலை மூன்று வருடமாக "ரெஜெத்தே" (நிராகரிப்பு) ஆகியிருந்தால், அந்தச் செலவு உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். கூடவே ஃபிஷ் சன்தெத்தீக் என்ற சுருக்கத் தாளைக் கேளுங்கள். மற்ற வீட்டுக்காரர்கள் கட்டாத பாக்கி எவ்வளவு என்று அதில் இருக்கும். பாக்கி வருட வரவு செலவில் 25 சதவீதத்தைத் தொட்டால் நீதிமன்றம் மண்டத்தேர் அட் ஹோக் என்ற சிறப்புப் பிரதிநிதி ஒருவரை நியமிக்கக்கூடிய நிலை. 200 லோவுக்கு (வீடு, தரிப்பிடம் போன்ற தனி அலகு) மேற்பட்ட கட்டடம் என்றால் 15 சதவீதமே போதும். கிரிஞ்ஞி 2, கிளிஷி-சு-புவாவின் ஷேன் புவாந்து போன்ற குடியிருப்புகள் அரசே சிறப்புத் திட்டம் போட்டு இறங்கும் அளவுக்குப் போனது இப்படிப் பாக்கி சேர்ந்துதான். அங்கே "பாரிஸ் பக்கத்தில் இவ்வளவு மலிவா" என்று வாங்கியவர்களில் நம்மவர்களும் உண்டு. மலிவான வீட்டில் மாதச் செலவு வங்கித் தவணையைத் தொடும்.

நம் ஆட்கள் கொம்ப்ரோமியை ஊரில் காணிக்கு முற்பணம் கொடுத்து எழுதும் துண்டு போல நினைக்கிறார்கள். அது தவறு. கொம்ப்ரோமியில் விற்பவரும் வாங்குபவரும் இருவருமே கட்டுப்படுகிறார்கள். பொருளும் விலையும் ஒத்துக்கொண்டால் அது விற்பனைக்குச் சமம். ப்ரொமெஸ் து வோந்த் என்பது வேறு. அதில் விற்பவர் மட்டும் கட்டுப்படுவார், உங்களுக்கு வாங்கும் உரிமை குறிப்பிட்ட காலத்துக்கு ஒதுக்கிவைக்கப்படும். வாங்காமல் விட்டால் அதற்கென்று எழுதிய தொகை, வழக்கமாக விலையில் 10 சதவீதம், போய்விடும். நொத்தேரிடம் எழுதாமல் தனியாக எழுதிய ப்ரொமெஸ் என்றால் 10 நாளுக்குள் வரித்துறையில் பதிவாக வேண்டும், கட்டணம் 125 யூரோ. பதியாவிட்டால் செல்லாது.

அதற்கும் முந்தைய கட்டம் ஓஃப்ர் தஷா, "இந்த விலைக்கு வாங்குகிறேன்" என்று எழுதிக் கொடுக்கும் தாள். இதற்காக யாரும் ஒரு யூரோவும் கேட்கக் கூடாது. கேட்டாலோ வாங்கினாலோ அந்தத் தாளே செல்லாது என்று சிவில் சட்டத்தின் 1589-1ஆம் பிரிவு சொல்கிறது. "வீட்டை உங்களுக்கென்று பிடித்து வைக்க 2,000 ரொக்கம்" என்று கேட்பவரிடம் கார்த் தே இருக்கிறதா என்று கேளுங்கள். அது வீடு விற்பனை முகவருக்கு வணிக சபை கொடுக்கும் அட்டை. இல்லாதவர் தரகு வாங்குவதே குற்றம்.

கையெழுத்துப் போட்டபின் யோசிக்க 10 நாள் உண்டு. கொம்ப்ரோமியின் பிரதி பதிவுத் தபாலில் முதன்முறை உங்கள் வாசலுக்கு வந்த மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் வீட்டில் இல்லாமல் தபால்காரர் துண்டு வைத்துவிட்டுப் போனாலும் நாள் ஓடத் தொடங்கிவிடும். இந்த 10 நாளில் காரணமே சொல்லாமல் விலகலாம். அதையும் பதிவுத் தபாலில்தான் எழுத வேண்டும். தொலைபேசியில் சொன்னதும் வட்ஸ்அப்பில் அனுப்பியதும் கணக்கில் வராது. கட்டிய பணம் 21 நாளில் திரும்ப வேண்டும். தொடர்மாடி வீட்டுக்குரிய கூட்ட அறிக்கை முதலிய பத்திரங்கள் கொடுபடாத வரை இந்த 10 நாள் தொடங்கவே தொடங்காது. மேலே சொன்ன குடும்பம் 186 பக்கத்தையும் கையெழுத்துக்கு முன்தினம் இரவு பெற்றது. பத்து நாளில் தினம் 19 பக்கம் வாசித்திருந்தால் ஏழாம் நாள் அந்தத் தீர்மானத்தைக் கண்டிருப்பார்கள்.

அடுத்த பொறி கடன் நிபந்தனை, கொந்திசியோன் சுஸ்பொன்சீவ். வங்கி கடன் தராவிட்டால் விற்பனை ரத்து, கட்டிய பணம் முழுவதும் திரும்பும் என்பது இதன் பொருள். குறைந்தது ஒரு மாத அவகாசம் சட்டம் தருகிறது. இதில் ஒருவர் எப்படி மாட்டினார் என்று பாருங்கள். கொம்ப்ரோமியில் எழுதியிருந்தது: அதிகபட்சம் 190,000 யூரோ, 25 வருடம், வட்டி 4 சதவீதத்துக்கு மேற்படாமல். அவர் வங்கியில் கேட்டது 215,000. நொத்தேர் செலவும் தளபாடமும் சேர்த்துக் கேட்டார். வங்கி மறுத்தது. மறுப்புக் கடிதத்தில் 215,000 என்றே இருந்தது. "நீ ஒப்புக்கொண்ட கடனை நீ கேட்கவே இல்லை, ஆகவே நிபந்தனை நிறைவேறியதாகவே கொள்ளப்படும்" என்பது விற்பவர் பக்க வாதம். சிவில் சட்டத்தின் 1304-3ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. க்லோஸ் பெனால் என்ற தண்டப்பிரிவின்படி கேட்கப்பட்டது விலையில் 10 சதவீதம்.

ஆகவே வங்கிக்கு விண்ணப்பிக்கும்போது கொம்ப்ரோமியை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, தொகை, வருடம், வட்டி மூன்றையும் அதே எண்ணில் எழுதுங்கள். மறுப்புக் கடிதத்திலும் அந்த மூன்று எண்களும் இருக்க வேண்டும். இணையத்தில் செய்த சிமுலாசியோன் (மாதிரிக் கணக்கு) விண்ணப்பமாகாது. அக்கோர் து ப்ரன்சீப் (கொள்கையளவிலான ஒப்புதல்) என்று வங்கி ஊழியர் தரும் தாள் கடன் ஒப்பந்தமும் ஆகாது. இன்னொன்று. "கடன் வேண்டாம், கையில் காசு இருக்கிறது என்று கைப்பட எழுதித்தாருங்கள், விற்பவர் உங்களுக்கே தருவார்" என்று முகவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த வரியோடு உங்கள் பாதுகாப்பு முடிந்தது.

கடன் தவணை வருமானத்தில் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, காலம் பொதுவாக 25 வருடம். இந்தக் கணக்கில் இடிபடும்போதுதான் "ஃபிஷ் து பேயை நாங்கள் சரிப்பண்ணித் தருகிறோம்" என்று சிலர் வருகிறார்கள். பொய்ச் சம்பளத் துண்டு என்பது குற்றவியல் சட்டத்தில் 3 வருடச் சிறை, 45,000 யூரோ அபராதம் வரை போகக்கூடிய விடயம். வங்கி கண்டுபிடித்தால் கடன் முழுவதையும் உடனே திருப்பிக் கேட்கலாம். செய்து கொடுத்தவர் அப்போது தொலைபேசி எடுக்கமாட்டார். உண்மையான கடன் தரகர், கூர்த்தியே, இத்தகைய தரகர்களுக்கான ஓரியாஸ் பதிவேட்டில் இருப்பார். கடன் பணம் வெளிவரும் முன் உங்களிடம் ஒரு சதமும் வாங்க அவருக்கு உரிமை இல்லை.

சீட்டுப் பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாரிஸின் லாச்சப்பலில் எடுத்த சீட்டு ரொக்கத்தை வங்கியில் போட்டால் வங்கியும் நொத்தேரும் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கேட்பது அவர்களின் சட்டக் கடமை. சீட்டுக்குத் தாள் இல்லை, பதிலும் இல்லை. உறவினர் அன்பளிப்பு என்றால் வரித்துறையில் அன்பளிப்பாக அறிவியுங்கள். கைமாற்று 5,000 யூரோவைத் தாண்டினால் கடனாக அறிவியுங்கள். அதே போல, விலையில் ஒரு பகுதியைக் கையில் தாருங்கள் என்று விற்பவர் கேட்டால் கொடுக்காதீர்கள். மறைத்து எழுதிய கூடுதல் விலை ஒப்பந்தம் செல்லாது. கொடுத்த காசுக்கு வங்கியிலும் கணக்கு இல்லை, நீதிமன்றத்திலும் கணக்கு இல்லை.

நொத்தேர் உங்கள் வழக்கறிஞர் அல்லர். அரசு சார்பில் பத்திரம் சரியாக எழுதும் அதிகாரி. வீட்டின் உரிமையும் ஈடும் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்ப்பார். விலை அதிகமா, கட்டடம் மோசமா என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். விற்பவரின் நொத்தேரோடு உங்களுக்கென்றும் ஒருவரை வைக்கலாம். கட்டணத்தை இருவரும் பிரித்துக்கொள்வார்கள், உங்களுக்கு ஒரு யூரோவும் கூடுதலாகாது. இதை ஏனோ பலர் நம்புவதில்லை. பழைய வீட்டுக்கு "நொத்தேர் செலவு" என்று சொல்லப்படும் 7 முதல் 8 சதவீதத்தில் பெரும்பகுதி வரி. பணம் அனுப்பும் நாளில் நொத்தேர் பெயரில் "எங்கள் ரிப் (வங்கிக் கணக்கு விபரம்) மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், பழைய இலக்கத்துக்கு நீங்களே தொலைபேசி எடுத்துக் கேட்காமல் அனுப்ப வேண்டாம். மின்னஞ்சலை உடைத்து நுழைந்தவர்கள் இந்த ஒரு நாளுக்காகவே காத்திருப்பார்கள்.

கணவன் மனைவி பங்கை எழுதும்போது கவனம். யார் எவ்வளவு போட்டார் என்பதை விடப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே நிற்கும். யாழ்ப்பாணத்தில் மணம் முடித்தவர்கள் யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமைச் சட்டம்தான் செல்லும் என்று தாங்களே முடிவுகட்ட வேண்டாம். எந்த வருடம் மணம் முடித்தீர்கள், அதன் பின் முதலில் எங்கே சேர்ந்து குடியிருந்தீர்கள் என்பவற்றை வைத்து நொத்தேர் சொல்வதைக் கேளுங்கள்.

வீட்டின் ஆற்றல் பயன்பாட்டைக் காட்டும் டிபிஇ அறிக்கையில் தரம் ஜி என்றால் 2025 ஜனவரியிலிருந்து புதிதாக வாடகைக்கு விட முடியாது. எஃப் தரத்துக்கு 2028. "பிறகு வாடகைக்கு விடலாம்" என்று கணக்குப் போடுபவர்கள் இதை முதலில் பாருங்கள். நிலவறையைப் படுக்கையறை என்று காட்டி விற்கும் தனி வீடுகளை வாங்கவே வேண்டாம். நிலவறையை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம்.

கடைசியாக அளவு. தொடர்மாடி வீட்டை விற்கும்போது கரேஸ் சட்டப்படி பரப்பளவை எழுத வேண்டும். 1.80 மீற்றருக்குக் கீழ் உயரமுள்ள இடம், பல்கணி, நிலவறை, வாகனத் தரிப்பிடம் எதுவும் அதில் சேராது. உண்மையான அளவு 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் விலையைக் குறைக்கக் கேட்கலாம். ஆனால் பத்திரம் எழுதிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் பதிவாக வேண்டும். முதலில் சொன்ன குடும்பத்தின் பத்திரத்தில் 61.8 சதுர மீற்றர். நிலத்துக்குப் புதுப் பலகை போட வந்தவர் அளந்தபோது 57.9. குறைவு 6.3 சதவீதம், காசாக ஏறத்தாழ 12,900 யூரோ. அவர் அளந்தது சாவி வாங்கிப் பதினான்காம் மாதம்.