மக்கள் மருந்தகத்தில் மாத மருந்து: தொடர்ந்து வாங்குபவர்களுக்கு

பிபி, சுகர், கொலஸ்ட்ரால் என்று மாதாமாதம் மாறாத சீட்டு இருக்கும் வீட்டுக்கு மத்திய அரசின் ஜன் ஔஷதி மக்கள் மருந்தகம் நல்ல உதவி. மூன்று நாள் காய்ச்சல் மருந்துக்காக அங்கே அலைவது வீண். முன்னணி 3 பிராண்டுகளின் சராசரி விலையில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது விலைக் கணக்கு. பெரிய பிராண்டு வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குப் பில்லைப் பார்த்ததும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

சிக்கல் மருந்தைப் பொருத்துவதில்தான். டாக்டர் எழுதுவது பிராண்டு பெயர், இங்கே விற்பது மூலப்பெயரில், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரில். சீட்டோடு பழைய அட்டையையும் எடுத்துப் போங்கள். பொடி எழுத்தில் உள்ள மூலப்பெயர், மில்லிகிராம், பெயரின் கடைசியில் வரும் 'எஸ்ஆர்' போன்ற வால் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அந்த வாலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுகருக்கான மெட்ஃபார்மின் 500 வேறு, மெட்ஃபார்மின் 500 எஸ்ஆர் வேறு. எஸ்ஆர் மெதுவாகக் கரைவது, பொடித்துச் சாப்பிடக் கூடாது. பிபிக்கான மெட்டோபுரோலால் சக்சினேட்டுக்குப் பதில் டார்ட்ரேட் வந்துவிட்டால், ஒரு வேளை மாத்திரை நாள் முழுக்கத் தாங்காது. இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை இல்லையென்று தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தால், டாக்டரிடம் காட்டாமல் போடாதீர்கள்.

டெண்டரில் வாங்குவதால் தயாரிப்பாளர் மாறுவார். மாத்திரையின் நிறமும் அளவும் கூடவே மாறும். 'மஞ்சள் மாத்திரை காலையில்' என்று அடையாளம் வைத்திருக்கும் பெரியவர்கள் இங்கேதான் குழம்பி, பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். அட்டையின் மேல் மார்க்கரால் 'காலை, பிபி' என்று எழுதிவிடுங்கள். தைராய்டு மாத்திரையில் தயாரிப்பு மாறினால் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்ப்பது நல்லது. வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்க), ஃபெனிடோயின் (வலிப்புக்கு) போன்றவற்றை டாக்டர் சொல்லாமல் மாற்றவே வேண்டாம்.

அடுத்த குறை, ஸ்டாக். 'ஜன் ஔஷதி சுகம்' ஆப்பில் மருந்தையும் விலையையும் பக்கத்துக் கடையையும் தேடலாம். ஆனால் ஆப்பில் பெயர் இருந்தால் கடையிலும் இருக்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம், போன் போட்டுக் கேளுங்கள். கையில் 10 நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியிலிருந்து மாநில அரசின் முதல்வர் மருந்தகங்களும் உண்டு. மக்கள் மருந்தகத்தில் இல்லாதது அங்கே கிடைக்கலாம். சாதாரண பிபி, சுகர் மாத்திரைக்கு முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், அங்கே இலவசம்.