கோழிப்பீ பாக்க ஒரு மைக்ரோஸ்கோப்: ஆறு மாசம் ஓட்டிப் பாத்ததுல

ஆன்லைன்ல 3,900 ரூவாக்கு வாங்குன ஸ்டூடண்ட் மைக்ரோஸ்கோப். பையன் படிப்புக்குன்னு வீட்ல சொல்லித்தான் ஆர்டர் போட்டேன், இப்ப அது கோழிப்பீ மிஷினாயிருச்சு, அடுப்படி பக்கம் கொண்டுவந்தா திட்டு விழும்.

போன ஐப்பசி மழைல ஆறு வாரக் குஞ்சுங்க 40 உருப்படி, றெக்கைய தொங்கப்போட்டு ஓரமா நின்னுச்சு. மருந்துக்கடைல கேட்டேன், புழுவா இருக்கும்னு ஆல்பெண்டசோல் குடுத்தாங்க, ஊத்துனேன், மறுநாள் எச்சத்துல ரத்தம், மூணு நாள்ல 11 போச்சு. செத்ததுல ஒண்ண டாக்டர் அறுத்துக் காட்டுனாரு, குருட்டுக்குடல் ரெண்டும் ரத்தம் கட்டி விரல் மாதிரி வீங்கி கெடக்கு. காக்சின்னாரு, அதான் ரத்தக்கழிச்சல் நோய். அது புழுவே இல்ல, ஒத்த செல் கிருமி, ஆம்ப்ரோலியம் மாதிரி மருந்துதான் கேக்கும், புழு மருந்து அதுக்கு பச்சத்தண்ணி. அந்த கடுப்புலதான் இத வாங்குனேன்.

வேலை பெருசா ஒண்ணுமில்ல. சுடுதண்ணில கல்லுப்ப இனி கரையாதுங்கற வரைக்கும் போட்டு ஆறவச்சு, காலைல போட்ட எச்சத்த அதுல கலக்கி டீ வடிகட்டில வடிச்சு, டியூப் வாய் வரைக்கும் ஊத்தி மேல கவர் கிளாஸ்ங்கற மெல்லிசு கண்ணாடிய வச்சுட்டா 15 நிமிசத்துல புழு முட்டை மெதந்து அதுல ஒட்டிக்கும், அத எடுத்து ஸ்லைடுல வச்சுப் பாக்கணும். 10 மடங்கு லென்ஸ்லயே தெரியுது. உருண்டைப்புழு முட்டை நீள்வட்டமா தடிச்ச ஓட்டோட, காக்சி அதவிட ரொம்ப சின்னதா, முடிப்புழுது ரெண்டு முனைலயும் மூடி போட்ட எலுமிச்ச மாதிரி. மொத வாரம் காத்துக்குமிழிய எல்லாம் முட்டைன்னு எண்ணி பயந்து கெடந்தேன், குமிழிக்கு ஓரம் கருப்பா தடிமனா இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது.

மிஷின்ல குறைன்னா, 40 மடங்கு லென்ஸ் மங்கல், ஸ்லைட நகத்த திருகு கெடையாது விரலாலதான் தள்ளணும், உப்புத்தண்ணி சொட்டுன எடத்துல மேடை துரு புடிச்சிருச்சு, இது என் தப்புதான், தொடைக்கல.

இத நம்பியே உக்காரவும் கூடாது. காக்சில ரத்தம் மொதல்ல வந்துரும், அன்னிக்கு ஸ்லைடுல ஒண்ணும் தெரியாமக்கூட போகலாம். உருண்டைப்புழு குஞ்சுக்குள்ள போய் முட்டை வைக்கவே 5 லேர்ந்து 8 வாரம் ஆகும், அதுவரைக்கும் உள்ள இருந்து அரிச்சாலும் எச்சம் சுத்தமா இருக்கும். குருட்டுக்குடல் புழு முட்டையும் உருண்டைப்புழு முட்டையும் எனக்கு இன்னும் பிரிச்சுத் தெரியல, ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. நாடாப்புழுவுக்கு இது வேலைக்கே ஆகாது, எச்சத்துல அரிசி மாதிரி வெள்ளையா துண்டு கெடக்குதான்னு கண்ணால பாக்குறதுதான். அதனால கோழி செத்தா இப்பவும் டாக்டர்கிட்ட கொண்டுபோயிருவேன்.

ஆனா தை மாசம் மறுபடி ரெண்டு கோழி சோர்ந்து நின்னப்ப ஸ்லைடு போட்டேன், முட்டை முட்டையா உருண்டைப்புழு, போட்டோ எடுத்து டாக்டருக்கு வாட்ஸப்ல அனுப்பி கேட்டுத்தான் மருந்து ஊத்துனேன். இந்த தடவ ஒண்ணும் சாகல.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார். மொபைல் ஹோல்டர் சேத்து தர்றோம்னு 500 ரூவா கூட கேப்பாங்க, வேண்டாம்னுருங்க, என்னோடது ரெண்டாவது நாளே ஒடஞ்சுருச்சு, போன கையில புடிச்சே எடுக்கலாம்.